சிங்கப்பூர் வந்தாச்சு, காரைக்குடி வங்கிக் கார்டை என்ன செய்வது?

செக்காலைப் பையன் | திங்கள் இரவு 9.40

காரைக்குடியிலிருந்து வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து நான்கு மாதம் ஆகிறது. ஊர் வங்கிச் சேமிப்புக் கணக்கின் டெபிட் கார்டைக் கையோடு கொண்டுவந்தேன். கிளம்புமுன் ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைத்திருந்ததால் மூன்று மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. இங்கே சம்பளக் கணக்கு இருக்கிறது. ஆனாலும் ஊரில் கிடக்கிற பணத்தை முதலில் தீர்ப்போம் என்று அதையே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

போன சனிக்கிழமை தேக்காவில் மளிகை வாங்கிவிட்டுக் கார்டை நீட்டினால் மெஷின் ஏற்கவில்லை. மறுபடி போட்டாலும் அதே. உள்ளூர்க் கார்டை அறையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். பின்னால் ஆறேழு பேர் வரிசை. இட்லி அரிசி, உளுந்து, நல்லெண்ணெய் எல்லாவற்றையும் கல்லாவிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தேன்.

வங்கியைக் கூப்பிட்டால், கார்டைத் திறக்கப் பதிவு செய்த நம்பருக்கு ஓடிபி வரும் என்கிறார்கள். அந்த சிம் ஊரில், ஆத்தாவின் பட்டன் போனில் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வேறொரு வங்கியிலும் எனக்குக் கணக்கு இருக்கிறது. வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்ளட்டும் என்று அதன் கார்டைப் பின் நம்பரோடு அப்பச்சியிடம், அதாவது அப்பாவிடம், கொடுத்து வந்திருக்கிறேன். இதெல்லாம் சரிதானா? அறையில் இருக்கிற இரண்டு பேரிடம் கேட்டால் மூன்று பதில் வருகிறது.

கல்லல் எக்ஸ்பிரஸ் | திங்கள் இரவு 10.15

துபாயில் ஒன்பது வருடம் ஆகிறது தம்பி. அதே பழைய சேமிப்புக் கணக்கு, அதே கார்டு. யாரும் ஒன்றும் கேட்டதில்லை. சிம்மை மட்டும் உங்களோடு வைத்துக்கொண்டு ரோமிங் போட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி சும்மா கிடக்கிற சங்கை ஊத வேண்டாம்.

பாஸ்புக் மாமா | செவ்வாய் காலை 6.50

தேவகோட்டையில் எழுத்தராகச் சேர்ந்து 32 வருடம் வங்கியில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். எந்த வங்கி என்பது வேண்டாம். கவுன்டரில் இரண்டு பேரைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். 'நாளைக்கு ஃபிளைட், இன்றைக்கே முடித்துத் தாருங்கள்' என்று வியர்த்துப்போய் நிற்கிற பையன் ஒருவர். 'மகன் கார்டை மெஷின் இழுத்துக்கொண்டது' என்று நிற்கிற அப்பா இன்னொருவர். சில நாள் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருப்பார்கள்.

முதலில் கல்லல் தம்பிக்கு. வங்கி கேட்கவில்லை என்பதாலேயே அது சரி ஆகிவிடாது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999, ஃபெமா என்பார்களே, அதன்படி வேலைக்கென்று நாட்டை விட்டுக் கிளம்பினால் கிளம்பிய நாளிலிருந்தே நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். வருடத்தில் எத்தனை நாள் எங்கே இருந்தோம் என்று பார்க்கிற 182 நாள் கணக்கை எல்லோரும் வருமான வரியிலிருந்து எடுத்துவந்து இங்கே ஒட்டுகிறார்கள். வேலைக்குப் போகிறவருக்கு இங்கே அது பொருந்தாது. சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். மீறினால் தொகையைக் கணக்கிட முடிகிற இடத்தில் அதன் மூன்று மடங்கு வரை அபராதம், முடியாத இடத்தில் 2 லட்சம் ரூபாய் வரை என்று சட்டத்தில் இருக்கிறது.

கார்டு தேய்த்ததற்காக யாரையும் பிடித்துக்கொண்டு போனதை நான் பார்த்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தொல்லை வேறு வடிவத்தில் வரும். பத்து வருடம் கழித்து ஊரில் ஒரு மனையை விற்பீர்கள். பணத்தை அங்கே கொண்டுபோக வேண்டும். அப்போது மேலாளர் கணக்கைத் திறந்து பார்த்து, 'நீங்கள் இங்கேயே வசிப்பதாக அல்லவா எழுதியிருக்கிறது' என்பார். அன்றைக்கு உட்கார்ந்து பத்து வருடத்தையும் நேர்செய்ய வேண்டும்.

பையனுடைய கார்டு ஏன் பூட்டிக்கொண்டது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. கேஒய்சி, அதாவது அடையாள, முகவரி விவரங்களைச் சரிபார்ப்பது, அதன் நாள் முடிந்திருக்கலாம். வாடிக்கையாளரை எந்த ரிஸ்க் வகையில் வங்கி வைத்திருக்கிறதோ அதற்கேற்ப 2, 8, 10 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அல்லது ஊர் முகவரி உள்ள கார்டு நாலு மாதமாகத் தினமும் சிங்கப்பூரில் தேய்வதைப் பார்த்து கணினியே சந்தேகப்பட்டு நிறுத்தியிருக்கலாம். இப்போதைக்கு அந்தக் கார்டை மறந்துவிட்டு உள்ளூர்க் கார்டில் அரிசி வாங்குங்கள்.

கோட்டையூர் ஆச்சி | செவ்வாய் காலை 8.05

ஆத்தாவின் பட்டன் போன் என்று படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நிமிடம் பயமும் வந்தது.

நாங்கள் கோலாலம்பூரில் பதினோரு வருடம் இருந்தோம். என் வீட்டுக்காரரின் ஊர் சிம் மாமியாரிடம்தான் இருந்தது. அங்கே காலை பத்து மணிக்கு டிக்கெட் எடுக்க உட்கார்ந்தால் ஊரில் ஏழரை. அவர்கள் குளித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்புகிற நேரம். போனை முகப்பிலேயே வைத்துவிட்டு இரண்டாம் கட்டுக்குள் போய்விடுவார்கள். ஒருவழியாக எடுத்தால் கண்ணாடி தேட வேண்டும். கண்ணாடி கிடைத்தால் மெசேஜ் ஆங்கிலத்தில் இருக்கும். 'நம்பர் மட்டும் படியுங்கள்' என்போம். கார்டின் கடைசி நான்கு எண்ணைப் படிப்பார்கள். அது இல்லை என்றால் தொகையைப் படிப்பார்கள். ஓடிபிக்கு வருவதற்குள் நேரம் முடிந்து, புது ஓடிபி வந்து, அவர்கள் பழையதைப் படித்து முடிப்பார்கள். ஒரு தடவை திருச்சி டிக்கெட் எங்கள் கண் முன்னாலேயே நானூறு ரிங்கிட் ஏறியது.

போகப் போக நன்றாகப் பழகிவிட்டார்கள். போன் அடித்து, 'ஆத்தா, நம்பர் வந்திருக்குமே' என்றால் போதும், கடகடவென்று ஆறு எண்ணையும் சொல்லிவிடுவார்கள். நாங்களும் பெருமைப்பட்டோம்.

அப்புறம் ஒரு நாள் வேறு யாரோ அடித்து, 'ஆத்தா, நம்பர் வந்திருக்குமே' என்றிருக்கிறான். குரல் சரியாகக் கேட்கவில்லை, மகன்தான் என்று நினைத்துச் சொல்லிவிட்டார்கள். போனது 18,000 ரூபாய். வங்கியில் கேட்டதற்கு, ஓடிபியைச் சொன்னது நீங்கள்தானே என்று கையை விரித்துவிட்டார்கள். மாமியார் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவர்கள் மேல் என்ன தப்பு? போனில் கேட்டால் நம்பரைச் சொல்ல வேண்டும் என்று வருடக்கணக்காகப் பழக்கி வைத்ததே நாங்கள்தானே.

சிம்மை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. யாராவது ஊரிலிருந்து வந்தால் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

செக்காலைப் பையன் | செவ்வாய் மதியம் 1.20

ஆச்சி, நேற்றுதான் ஆத்தாவிடம் போனில் இரண்டு ஓடிபி வாங்கினேன். இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

மாமா, என்ஆர்ஓ, என்ஆர்இ என்று இரண்டு சொல்கிறார்களே, எது எதற்கு? என்ஆர்ஓ-வில் வரி முப்பது சதவீதம் போய்விடும் என்று அறை நண்பர் பயமுறுத்துகிறார்.

பாஸ்புக் மாமா | செவ்வாய் மாலை 5.30

முப்பது சதவீதம் என்பது வட்டிக்குத்தான், உங்கள் பணத்துக்கு இல்லை. இதைக் கேட்டுப் பயந்துபோய்க் கணக்கை மாற்றாமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர்.

ஊரில் விளைகிற பணம், அதாவது வீட்டு வாடகை, பென்ஷன், டிவிடெண்ட், ஏற்கனவே கணக்கில் கிடப்பது எல்லாம் என்ஆர்ஓ-வுக்குப் போகும். அதன் வட்டியில் 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். உங்களுக்கு இங்கே மொத்த வருமானமே குறைவு என்றால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். 50,000 ரூபாய் கிடக்கிற கணக்கில் வருட வட்டி எவ்வளவு வந்துவிடும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், பயம் போய்விடும்.

அங்கே சம்பாதித்து அனுப்புகிற பணத்துக்கு என்ஆர்இ. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, முதலும் வட்டியும் எப்போது வேண்டுமானாலும் வெளியே திரும்ப எடுத்துப் போகலாம். என்ஆர்ஓ-விலிருந்து வெளியே எடுப்பதற்கு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் உச்சவரம்பு, ஆடிட்டர் சான்று போன்ற படிவங்களும் உண்டு. நமக்கு அந்த வரம்பெல்லாம் இடிக்காது.

இனி கார்டு. என்ஆர்ஓ கணக்கின் டெபிட் கார்டைப் பெரும்பாலான வங்கிகள் இந்தியாவுக்குள் மட்டும் ஓடும்படி தருவார்கள். என்ஆர்இ கார்டு வெளியிலும் ஓடும். ஆனால் ஓடுகிறது என்பதற்காகத் தேய்க்க வேண்டுமா? ரூபாய்க் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் வங்கி மாற்று விகிதத்தின் மேல் ஒரு கூடுதல் வைக்கும். பல கார்டுகளில் அது 3.5 சதவீதம். 10,000 ரூபாய்ப் பொருளுக்கு 350. அந்த 350-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 63. ஆக 413 ரூபாய் சும்மா போகிறது. ஏடிஎம்மில் பணமாக எடுத்தால் ஒவ்வொரு தடவைக்கும் தனிக் கட்டணம் வேறு.

செக்காலைப் பையன் | செவ்வாய் மாலை 6.10

ஸ்டேட்மென்ட் எடுத்துக் கூட்டினேன். மூன்று மாதத்தில் 1,40,000 ரூபாய் தேய்த்திருக்கிறேன். நீங்கள் சொன்ன கணக்குப்படி 5,782 ரூபாய். அந்தப் பணத்தை ஊரிலேயே விட்டு வைத்திருக்கலாம்.

ஆத்தங்குடிக் கல் | செவ்வாய் இரவு 9.00

லண்டனிலிருந்து. அவசரத்துக்கு எப்போதாவது இந்தியக் கார்டைத் தேய்க்க நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள். மெஷின் சில இடங்களில் 'ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா' என்று கேட்கும். ரூபாய் என்றதும் நம் மனசு குளிர்ந்து அதை அமுக்கிவிடும். அமுக்காதீர்கள். அங்கே மாற்று விகிதத்தை வைப்பது அந்தக் கடையின் மெஷின்காரர், பெரும்பாலும் நம் வங்கி வைப்பதைவிட மோசமாக இருக்கும். உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள்.

கிரெடிட் கார்டு பற்றி யாரும் பேசவில்லையே. நான் வந்தபோது ஒரு கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். பயன்படுத்தவே இல்லை, அதனால் பில்லும் வராது என்று நினைப்பு. ஆண்டுக் கட்டணம் போட்டிருக்கிறார்கள். எஸ்எம்எஸ் பழைய நம்பருக்குப் போனது, அந்த நம்பர் எப்போதோ செத்துவிட்டது. கட்டணத்துக்குத் தாமதக் கட்டணம், அதற்கு வட்டி என்று வளர்ந்திருக்கிறது. நாலு வருடம் கழித்து ஊரில் வீட்டைப் புதுப்பிக்கக் கடன் கேட்டபோதுதான் கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் தரையில் கிடப்பது தெரிந்தது. ஒரு வருடத்துக்கு மேல் தொடாத கார்டை, வங்கி நம்மிடம் தெரிவித்துவிட்டு மூட வேண்டும் என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. என் கதை அதற்கு முந்தையது. எப்படியும் கிளம்புமுன் வேண்டாத கார்டை எழுதிக் கொடுத்து மூடிவிட்டு, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கண்டனூர்க்காரன் | புதன் காலை 7.15

எங்கள் ஐயா காலத்தில் கடல் கடந்து தொழிலுக்குப் போவதைக் 'கொண்டுவிக்கப் போறது' என்பார்கள். பர்மா, மலாயா, சிலோன், சைகோன். மேலாளாக, அதாவது கடையை நடத்தும் ஏஜெண்டாக, போகிறவர் மூன்று வருடக் கணக்கை முடித்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார். செட்டியார்கள் ஒன்றாக இருந்து தொழில் நடத்திய சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில் ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு மேசைப்பலகை, அவ்வளவுதான் அலுவலகம். பணம் உண்டியல் என்கிற பணச்சீட்டு வழியாக ஊர் வந்து சேரும். 1937 பிப்ரவரி 10 அன்று எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்தார்கள். அடுத்து பினாங்கு. கடல் கடந்த பணத்துக்கென்றே வங்கி வைத்த ஊர் இது. அந்த ஊர்ப் பேரன்கள் ஆறு எண்ணுக்காக ஆத்தாவைக் கோயில் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

கல்லல் எக்ஸ்பிரஸ் | புதன் மதியம் 2.40

பழங்கதை நன்றாக இருக்கிறது. மாமாவிடம் ஒரு கேள்வி. கணக்கை மாற்றினால் பழைய கார்டு செத்துவிடும், எல்ஐசி பிரீமியம், கரண்ட் பில் எல்லாம் நின்றுவிடும் என்கிறார்கள். நான் மாற்றாததற்கு உண்மையான காரணம் அதுதான். ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்த வேண்டும்?

பாஸ்புக் மாமா | புதன் மாலை 5.10

நியாயமான கேள்வி. பெரும்பாலும் பழைய கார்டு ரத்தாகிப் புதிது வரும். கார்டை வைத்துத் தானாகக் கழிகிற எல்லாம் நிற்கும். யூபிஐ-யையும் புதிதாகப் பதிய வேண்டியிருக்கும். மியூச்சுவல் ஃபண்ட் இருந்தால் அங்கேயும் நிலை மாறியதைச் சொல்ல வேண்டும். ஆகவே போவதற்கு முன்னால் ஆறு மாத ஸ்டேட்மென்டை எடுத்து, எது எது தானாகக் கழிகிறது என்று பென்சிலால் வட்டம் போடுங்கள். ஒரு சாயங்கால வேலை.

கையில் பாஸ்போர்ட், விசா அல்லது வேலை அனுமதி நகல், அங்கே வசிக்கும் முகவரிக்குச் சான்று, பான் கார்டு, போட்டோ இருக்கட்டும். லீவில் நேரில் போனால் அசலைக் காட்டிவிட்டு வந்துவிடலாம். அங்கிருந்தே தபாலில் அனுப்பினால் தூதரகத்திலோ நோட்டரியிடமோ சான்றொப்பம் வாங்க வேண்டியிருக்கும்.

ஓடிபி தொல்லைக்கும் பழையபடி ஊர் சிம்மை மட்டும் நம்ப வேண்டியதில்லை. பல வங்கிகள் என்ஆர்ஐ கணக்குக்கு வெளிநாட்டு நம்பரையே பதிந்துகொள்கின்றன. யூபிஐ-யிலும் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு உள்ளவர்கள் வெளிநாட்டு நம்பரை வைத்துச் சேர 2023 ஜனவரியில் வழி விட்டார்கள். சிங்கப்பூர், அமீரகம் இரண்டும் முதல் பத்து நாட்டிலேயே இருந்தன, பிறகு மலேசியாவும் சேர்ந்தது. ஊர் நம்பரும் வேண்டும் என்றால் ரீசார்ஜ் விடாமல் போடுங்கள். 90 நாள் பயன்பாடே இல்லாமல், இருப்பும் 20 ரூபாய்க்குக் கீழே போனால் பிரீபெய்டு நம்பர் கை நழுவும். உங்கள் நம்பர் வேறு யாருக்கோ போய், உங்கள் வங்கி எஸ்எம்எஸ் அவருக்குப் போவதை யோசித்துப் பாருங்கள்.

அப்பச்சியிடம் இருக்கிற கார்டுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. பின் நம்பரை அவர் எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டீர்களா?

செக்காலைப் பையன் | புதன் இரவு 8.30

கேட்டேன். பாக்கெட் பஞ்சாங்கத்தின் பின் அட்டையில் பென்சிலால் எழுதியிருக்கிறாராம். கார்டும் அதே பஞ்சாங்கத்துக்குள். கொப்புடையம்மன் கோயில் பக்கம் ஏடிஎம்முக்குப் போனால், கண் தெரியவில்லை என்று வாட்ச்மேனிடம் பஞ்சாங்கத்தையே கொடுத்து எடுத்துத் தரச் சொல்வாராம்.

பாஸ்புக் மாமா | புதன் இரவு 9.15

அந்த வாட்ச்மேன் நல்லவர் போலிருக்கிறது. இத்தனை நாள் பணம் பத்திரமாக இருப்பது அவர் புண்ணியத்தில்.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியாள் எவனாவது பணத்தை எடுத்து, தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் நாம் சொல்லிவிட்டால், நமக்கு நஷ்டம் இல்லை. ஆனால் பின் நம்பரையோ ஓடிபியையோ நாமே கொடுத்திருந்தால், வங்கியிடம் சொல்கிற நேரம் வரை போனது நம் தலையில். அப்பாவாக இருந்தாலும் மனைவியாக இருந்தாலும் வங்கி பார்வையில் கார்டை வேறு ஆளிடம் கொடுத்ததுதான்.

இதற்கு நேர்வழி ரொம்பச் சுலபம். அப்பச்சிக்கு அவர் பெயரிலேயே ஒரு கணக்கு, ஒரு கார்டு. மாதம் பிறந்தால் உங்கள் கணக்கிலிருந்து அங்கே தானாகப் போகட்டும். மகன் அப்பாவுக்கு அனுப்பும் பணத்துக்கு அவர் வரி கட்ட வேண்டாம். உங்கள் கணக்கையே அவர் கையாள வேண்டிய தேவை இருந்தால், அதற்குப் பவர் எழுதிக் கொடுக்கலாம். இல்லையென்றால் முதல் நபர் நீங்கள், உங்களுக்குப் பிறகு அவர் என்ற முறையில் கூட்டுக் கணக்காக வைக்கலாம். வெறும் வீட்டுச் செலவுக்கு அதெல்லாம் மிகை.

ஆத்தங்குடிக் கல் | புதன் இரவு 11.50

இன்னொன்று மாமா. இந்தியக் கடையில் ஓடிபி கேட்கிறார்களே என்று நாம் தைரியமாக இருக்கிறோம். வெளிநாட்டு இணையதளங்கள் சில, நம் கார்டு எண்ணை மட்டும் வைத்து ஓடிபி இல்லாமலேயே கழித்துவிடும். எனக்கு ஒரு தடவை நடுராத்திரியில் ஏதோ விளையாட்டுக்கு 60 டாலர் போனது. அன்றிலிருந்து வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் மூடியே வைத்திருக்கிறேன், தேவைப்படும் பத்து நிமிடம் மட்டும் திறப்பேன். 2020 அக்டோபரிலிருந்து எல்லா வங்கியும் இந்தத் திறந்து மூடும் வசதியைத் தர வேண்டும்.

செக்காலைப் பையன் | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு

லீவில் ஊர் போய்விட்டு நேற்றுத்தான் திருச்சி வழியாகத் திரும்பினேன். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

இரண்டு தடவை வங்கிக்கு நடந்தேன். முதல் நாள் முகவரிச் சான்றில் அறை எண் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதலாளியிடம் புதுக் கடிதம் கேட்டு வாங்கி, செட்டிநாடு மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு மறுநாள் போனேன். பழைய கணக்கு என்ஆர்ஓ ஆனது, புதிதாக ஒரு என்ஆர்இ. சிங்கப்பூர் நம்பரைப் பதிந்தாகிவிட்டது. எல்ஐசி ஒன்றை வட்டம் போட மறந்துவிட்டேன், ஒரு தவணை தவறியது. மாமா மன்னிக்கவும்.

இன்னொரு வங்கிக் கணக்கை மூடிவிட்டேன். அப்பச்சிக்கு அவர் பெயரில் கார்டு வந்தது. நானே கூடப் போய், அவரையே பின் நம்பரை அமைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன். வீட்டுக்கு வந்ததும், 'எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்' என்று கேட்டேன். பஞ்சாங்கத்தை மடியில் மறைத்துக்கொண்டு, 'யார் கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்னே' என்கிறார்.

கோட்டையூர் ஆச்சி | ஞாயிறு இரவு 8.10

அப்போ இன்னும் பஞ்சாங்கத்தில்தான் இருக்கிறது.

கல்லல் எக்ஸ்பிரஸ் | ஞாயிறு இரவு 9.25

மாமா, எனக்கு அடுத்த மாதம் பத்து நாள் லீவு. சனிக்கிழமை காலையில் திருச்சியில் இறங்குகிறேன். அன்றைக்கே போனால் வங்கி இருக்குமா?

பாஸ்புக் மாமா | ஞாயிறு இரவு 9.50

இரண்டாவது, நாலாவது சனி என்றால் பூட்டியிருக்கும். தேதியைச் சொல்லுங்கள். அதற்குள் ஸ்டேட்மென்டும் பென்சிலும் எடுத்து வையுங்கள், ஒன்பது வருடத்துக்கு வட்டம் போட வேண்டும்.